பேயின் பங்கு

பேய் உண்டா, இல்லையா என்ற வாதத்தில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. உண்டென்று சொல்கிறவர்களும் இருட்டில் பயப்படுகிறார்கள். இல்லையென்று சொல்கிறவர்களும் இருட்டில் பயப்படுகிறார்கள். ஆகவே அந்த வழக்கை அப்படியே விட்டுவிடலாம். எனக்கு வேறொரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. பேய் ஒன்று இருக்குமானால், அது கேட்பதில் நியாயம் இருக்கிறதா? அதுவும், தனக்குத் தீங்கு செய்தவனை விட்டுவிட்டு, அவனுடைய பேரனிடம் வந்து கேட்பதில் என்ன நியாயம்?

நம்முடைய பேய்ப் படங்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியின் மீதுதான் நிற்கின்றன. ஒரு பழைய வீடு இருக்கும். அதற்கு ஒரு வாரிசு வருவான். அவன் படித்தவன், பட்டணத்தில் இருந்தவன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். மாடியில் ஓர் அறை மட்டும் பூட்டிக் கிடக்கும். "அதை மட்டும் திறக்காதீர்கள்" என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். நல்ல வேளையாக யாராவது ஒருத்தர் திறந்துவிடுவார். இல்லாவிட்டால் படம் ஏது?

1993-இல் பாசில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்' என்ற மலையாளப் படத்தை வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நகுலன் தன் மனைவி கங்காவோடு பரம்பரை வீட்டுக்கு வருகிறான். அங்கே பூட்டிய அறைக்குள் நாகவல்லி என்ற நாட்டியக்காரியின் கதை கிடக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் ஆசைப்பட்டு அவளைக் கொண்டுவந்தார். அவள் மனமோ எதிர் வீட்டு நாட்டியக்காரன் மேல் இருந்தது. பெரியவர் அவளைக் கொன்றுவிட்டார். இந்தக் கதையில் தோய்ந்து தோய்ந்து, கங்கா தன்னையே நாகவல்லியாக நினைக்கத் தொடங்குகிறாள். அந்த வேஷத்துக்காக ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. இதே கதை 2004-இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' ஆயிற்று. 2005 சித்திரை முதல் நாளில் தமிழில் 'சந்திரமுகி'யாக வந்தது. 2007-இல் இந்திக்கும் போயிற்று.

நான்கு மொழிகளிலும் கதை ஒன்றுதான். ஆனால் ஒரு சின்ன வேடிக்கையைக் கவனியுங்கள். மலையாள வீட்டில் செத்தவள் யார்? தஞ்சாவூர்த் தமிழச்சி. தமிழுக்கு வந்ததும் அவள் தெலுங்கு நாட்டவளாகிவிட்டாள். கன்னடத்திலும் தெலுங்கில்தான் பாடுகிறாள். இந்திக்குப் போனதும் வங்காளி. எந்த மொழிக்காரர் எடுத்தாலும் பேய் மட்டும் அந்த மொழி பேசுவதில்லை; அடுத்த வீட்டு மொழிதான் பேசுகிறது. படம் எடுத்தவர்கள் இதை யோசித்துச் செய்தார்களோ, வியாபாரத்துக்காகச் செய்தார்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் உண்மையான ஒன்றைத் தொட்டுவிட்டார்கள். பேயாவதற்கு அகால மரணம் மட்டும் போதாது. அந்த வீட்டில் பாத்தியதை இல்லாதவளாகவும் இருக்க வேண்டும்.

நான் இதை எழுதுவது காவேரிப்பட்டினத்திலிருந்து. பெயரைக் கேட்டதும் கண்ணகி பிறந்த பூம்புகாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது தென்பெண்ணைக் கரையில், கிருஷ்ணகிரிக்குத் தெற்கே இருக்கும் ஊர். மாங்காய் மண்டிகளும் மாங்கூழ்த் தொழிற்சாலைகளும் உள்ள ஊர். வடமேற்கே ஓசூருக்குப் போனால் ஆலைகளும், அவற்றைத் தாண்டினால் கர்நாடக எல்லையும் வந்துவிடும். கடைத்தெருவில் பத்து நிமிஷம் நின்றால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். அடுத்த வீட்டு மொழி என்பது எங்களுக்கு உவமானமல்ல. நிஜமாகவே அடுத்த வீட்டில் பேசும் மொழி.

இறந்தவர்களைப் பற்றி எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு தெளிவு உண்டு. மாசி அமாவாசையில் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை நடக்கும்போது ஊரே சுடுகாட்டுக்குப் போய்வரும். வட தமிழ்நாட்டில் பூவாடைக்காரி என்று ஒரு வழிபாடும் இருக்கிறது. கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்துபோன வீட்டுப் பெண்ணை ஆற்றங்கரையிலிருந்தோ கிணற்றடியிலிருந்தோ கலசத்தில் அழைத்துவந்து, புதுப் புடவையும் பூவும் வைத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வார்கள். கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். சினிமாவில் பேயை வீட்டை விட்டு ஓட்டுகிறார்கள்; இங்கே வீட்டுக்குள் அழைக்கிறார்கள். எவ்வளவு உயர்ந்த வழக்கம் என்று நான் வெகு நாள் வியந்ததுண்டு.

ஆனால் இந்த வியப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அழைப்பு வீட்டுப் பெண்ணுக்கு மட்டுமே. அதே வீட்டில் மாடு கறந்து, நெல் குத்தி, ஒரு நாள் கிணற்றில் மிதந்தவளுக்குக் கலசமும் கிடையாது, புடவையும் கிடையாது. வீட்டுப் பெண் செத்தால் தெய்வம். வேலைக்காரி செத்தால் பேய். இரண்டு பேரும் விழுந்தது ஒரே கிணறாகக்கூட இருக்கலாம்.

இதை ஒரு கற்பனையாகச் சொல்லவில்லை. இங்கே எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். அவருடைய தாத்தா மண்டி வைத்துச் சம்பாதித்தவர்; முற்றமும் தாழ்வாரமும் கொல்லையில் கிணறுமாகப் பெரிய வீடு கட்டினார். சில வருஷங்களுக்கு முன் அந்த வீட்டைச் சகோதரர்கள் மூவரும் பாகம் பிரித்து விற்க ஏற்பாடு செய்தார்கள். ஒருவர் ஓசூரில் ஆலை உத்தியோகம், ஒருவர் பெங்களூர், சிநேகிதர் உள்ளூர். விலை பேச வந்தவர்களெல்லாம் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிணற்றடியில் நின்று குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ஏதோ சொல்றாங்களே, வீட்ல ஒண்ணும் இல்லியே?"

அந்த வீட்டில் 'கிணத்துக்காரி' என்று ஒருத்தி இருப்பதாக ஊரில் பேச்சு. தாத்தா காலத்தில் வேலைக்கிருந்த ஒரு பெண். தவறி விழுந்தாள் என்பது வீட்டின் வாக்குமூலம். ஊரின் வாக்குமூலம் வேறு. அந்த வேறு என்ன என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது சகோதரர்களைச் சாப்பிட வைக்க அவள் பெயரைச் சொல்லித்தான் பயம் காட்டுவார்களாம். பெயரை என்றா சொன்னேன்? இல்லை, பெயர் யாருக்கும் தெரியாது. கிணத்துக்காரி, அவ்வளவுதான்.

சிநேகிதர் என்னிடம் வந்தார். "ஏம்பா, கதை எழுதறவன் நீ சொல்லு. பேய் இல்லேங்கறது எனக்குத் தெரியும். ஆனா ஒரு பொம்பளை இருந்தா, செத்தாங்கறது பொய்யில்லையே? வீட்டை வித்து மூணு பங்கு போடறோம். என் பங்கு கையில வர்றப்ப அவ ஞாபகம் வராம இருக்குமா?" என்று கேட்டார்.

அவருடைய அண்ணன் சொன்ன பதில் சுருக்கமானது: "இல்லாத பேய்க்குப் பங்கு வைக்கறியா? தாத்தா செஞ்சதுக்கு நானா ஜவாப்தாரி? நான் அப்போ பொறக்கவே இல்லை."

இந்த இரண்டு பேச்சையும் நான் பல நாள் நிறுத்துப் பார்த்திருக்கிறேன். அண்ணன் சொன்னதை எளிதில் தள்ளிவிட முடியாது. பிறக்காதவன் எப்படிக் குற்றவாளியாவான்? ஒருவன் செய்த பாவத்தை இன்னொருவன் தலையில் ஏற்றுவது நியாயமானால், உலகத்தில் தண்டனைக்குத் தப்பும் குழந்தை ஒன்றுகூட இருக்காது. ஜப்பானியர்கள் எடுத்த ஒரு படத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் நடக்கிறது. தகாஷி ஷிமிசு 2002-இல் எடுத்த 'ஜூ-ஆன்' படத்தில் ஒரு வீட்டில் கொலையுண்டவளின் கோபம் அந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறது. யார் வாசற்படி தாண்டினாலும் பிடித்துக்கொள்கிறது. கிழவி ஒருத்தியைப் பராமரிக்க வரும் ஒரு சேவகிப் பெண்ணும் தப்பவில்லை. பார்க்கும்போது உடல் நடுங்குகிறது. ஆனால் அது நெருப்பைப் பார்த்து நடுங்குவது போன்ற நடுக்கம். நெருப்புக்கு நியாயம் கிடையாது. நம் ஊர்ப் பேய் அப்படியல்ல. அது கணக்கு வைத்திருக்கிற பேய். தேடி வருவது வாரிசைத்தான்.

கணக்கு என்றதும் சட்டம் ஞாபகத்துக்கு வருகிறது. தகப்பனுடைய கடனை மகன் தீர்க்க வேண்டும் என்பது இந்து தர்ம சாஸ்திரத்தின் பழைய விதி. நீதிமன்றங்களும் வெகு காலம் அதை மதித்துத் தீர்ப்புச் சொல்லிவந்தன. 2005-ஆம் வருஷத்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் வந்து, இனிமேல் ஏற்படும் கடன்களுக்கு அந்தப் புனிதக் கடமையைக் காட்டி மட்டும் மகன்மேலோ பேரன்மேலோ கொள்ளுப்பேரன்மேலோ வழக்குப் போட முடியாது என்று ஆக்கிவிட்டது. 'சந்திரமுகி' ஓடிக்கொண்டிருந்த அதே வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது! தியேட்டரில் பேய் வந்து பழைய பாக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தது. டில்லியில் பாக்கியைத் தள்ளுபடி செய்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் பழைய விதியிலேயே ஒரு விலக்கும் உண்டு. அதுதான் என்னை வெகுவாக யோசிக்க வைத்தது. தகப்பன் குடிக்கும் சூதுக்கும் காமத்துக்கும் வாங்கிய கடனை மகன் கொடுக்க வேண்டியதில்லை என்கிறது சாஸ்திரம். மகனைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். விதை நெல்லுக்குப் பட்ட கடன் தலைமுறைக்குத் தொடர்ந்து வரும். ஒரு பெண்ணை அழித்த கடன் தகப்பனோடு சிதையில் வெந்துவிடும். எந்தக் கடனைச் சட்டம் மன்னித்ததோ, அதே கடனுக்குத்தான் பேய் வந்து கதவைத் தட்டுகிறது. நீதிமன்றத்தில் செல்லாத பத்திரங்களை வைத்திருப்பவர்களுக்கு ஜனங்கள் கட்டிக் கொடுத்த நீதிமன்றமே பேய்க்கதை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த நீதிமன்றத்தையும் சில சமயம் ஏமாற்றிவிடுகிறோம். மணிச்சித்திரத்தாழின் முடிவு ஞாபகம் இருக்கிறதல்லவா? நாகவல்லி பழிவாங்கிவிட்டதாகக் கங்கா நம்ப வேண்டும். அதற்காகப் புருஷனை மறைத்து ஒரு பொம்மையை வெட்ட வைக்கிறார் டாக்டர். கங்கா பிழைக்கிறாள், வைத்தியமாக அது மிகச் சரி. ஆனால் நாகவல்லிக்கு என்ன கிடைத்தது? ஒரு பொம்மை. அவளைக் கொன்றது தவறு என்று அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட வாய்திறந்து சொல்லவில்லை. நோய் தீர்ந்தது, பாக்கி நின்றது.

இதைவிடப் பெரிய ஏமாற்றத்தை நம் பாஷையே செய்திருக்கிறது. பழையனூர் நீலியின் கதை தெரிந்ததே. முற்பிறவியில் கணவனால் கொலையுண்டவள், மறுபிறவியில் அவனைத் தேடிவந்து, கையில் குழந்தையோடு சபையில் நின்று அழுகிறாள். "இவனுக்கு ஒன்றும் நேராது, நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள், அவன் செத்ததும் சொன்னபடியே தீயில் இறங்குகிறார்கள். இன்று நாம் என்ன சொல்கிறோம்? பொய்யழுகைக்கு 'நீலிக் கண்ணீர்' என்று பெயர். கொலை செய்தவனைக் குறிக்க ஒரு வார்த்தை உண்டாகவில்லை. கொலையுண்டவள் பொய்க்காரி ஆகிவிட்டாள். அந்த எழுபது பேரையோ நாம் உத்தமர்கள் என்று கும்பிடுகிறோம். அவர்கள் கொலை செய்தவர்களல்ல, கொலைகாரனின் வாரிசுகளுமல்ல. ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டவர்கள். குற்றமில்லாதவனும் பொறுப்பேற்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

இங்கேதான் அண்ணனுடைய வாதத்தில் ஓட்டை தெரிகிறது. பாவம் வேறு, கடன் வேறு. தாத்தாவின் பாவம் பேரனுக்கு வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாத்தாவின் வீடு பேரனுக்கு வந்திருக்கிறதே! "நான் அப்போது பிறக்கவில்லை" என்பது பாவத்துக்குப் பதிலாகுமானால், சொத்துக்கும் அதே பதிலைச் சொல்ல வேண்டுமல்லவா? பிறக்காதபோது கட்டிய வீட்டில் பங்கு கேட்கிறவன், பிறக்காதபோது நடந்த அநியாயத்தில் மட்டும் தனக்குச் சம்பந்தமில்லை என்பது, வரவுப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு செலவுப் பக்கத்தை அடுப்பில் போடுவது போலத்தான். 1952-இல் மேற்கு ஜெர்மனி, நாஜிகளால் அழிந்த யூதர்களுக்காக இஸ்ரேலுக்கு முந்நூறு கோடி மார்க் தருவதாக ஒப்பந்தம் செய்தது. வரி கட்டியவர்களில் அநேகர் யாரையும் கொன்றவர்களல்ல. கொலை நடந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் உண்டு. தேசத்தை வாரிசாகப் பெற்றவர்கள் அதன் பாக்கியையும் பெற்றார்கள்.

வேண்டாத சொத்தை மறுக்கவும் வாரிசுக்கு உரிமை உண்டு. 2018-இல் வந்த 'தும்பாட்' என்ற இந்திப் படத்தில், பரம்பரை வாடாவுக்குள் இருக்கும் பூதத்திடமிருந்து பொற்காசு திருடுவதையே தொழிலாக்கிக்கொண்ட தகப்பன், மகனுக்கும் அதே வித்தையைப் பழக்குகிறான். கடைசியில் பொன்னை நீட்டும்போது மகன் வாங்க மறுத்துவிடுகிறான். நான் பார்த்த பேய்ப் படங்களில் மிகப் பெரிய வீரச் செயல் அதுதான். நம் ஊரில் 2014-இல் தொடங்கிய 'அரண்மனை'யிலும் பரம்பரை அரண்மனையை விற்கத்தான் வாரிசுகள் வருகிறார்கள். அது 2024-க்குள் நான்கு பாகமாகிவிட்டது. பாகம் பிரிக்கப் பிரிக்கப் பேய்தான் வளர்கிறது!

"இப்படிப் போனால் எங்கே நிறுத்துவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காவேரிப்பட்டினத்துக் கோட்டைக்காக 1767-இல் ஹைதர் அலியும் கும்பினியாரும் அடித்துக்கொண்டார்கள். அதில் செத்த சிப்பாய்களின் கணக்கை யாரிடம் கேட்பது? மண்ணைத் தோண்டினால் எந்த ஊரிலும் எலும்புதான். எல்லா எலும்புக்கும் பதில் சொல்லப் புறப்பட்டால் உயிரோடிருப்பவர்களுக்குப் பதில் சொல்ல நேரமிருக்காது. ஆகவே எல்லை ஒன்று வேண்டும். கணக்கு வாங்க ஆள் இருக்கிற வரையில் கணக்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். சட்டமும் மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று மூன்று தலைமுறையோடு நிறுத்திக்கொண்டது. ஞாபகத்தின் ஆயுளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

சிநேகிதருக்கு நான் சொன்னதும் இதைத்தான்: "முதலில் ஆள் இருக்கிறார்களா பார்." அவர் விசாரித்தார். கிணத்துக்காரியின் தங்கை வழிப் பேத்தி ஒருவர் ஊர்க்கோடியில் இருந்தார். சீசனில் மாங்கூழ்க் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற அம்மாள். அவருடைய பாட்டி காலத்தில் இந்த வீட்டு மனிதர் வந்தால் "சாமி" என்று சொல்லி ஒதுங்கி நின்றிருப்பார்கள். இந்த அம்மாள், "வா தம்பி, உக்காரு" என்றாராம்.

சிநேகிதர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி, தன் பங்கில் ஒரு தொகை தருவதாகச் சொன்னார். அந்த அம்மாள் சொன்ன பதிலை அவர் என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன்:

"குடுத்தா வாங்கிக்கறேன் தம்பி. வேணாம்னு சொல்ல நான் என்ன சீமாட்டியா? பேத்திக்கு காலேஜு ஃபீஸு கட்டணும். ஆனா பணத்துக்கு முன்னாடி ஒண்ணு. அவ தவறி வுழலேன்னு உங்க வூட்டு ஆளு வாயால ஒருக்கா சொல்லிடு. எங்க பாட்டி சாகிற மட்டும் அதத்தான் கேட்டுக்கினு இருந்துச்சி."

அவர் சொன்னார். சொல்லிவிட்டுப் பெயரைக் கேட்டார். அந்த அம்மாள் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை; அது அந்த இரண்டு குடும்பங்களுக்கும் சொந்தமானது. அண்ணன் இன்றைக்கும் தம்பியைப் பைத்தியக்காரன் என்றுதான் சொல்கிறார். தம் பங்கில் ஒரு ரூபாய்கூட அவர் கொடுக்கவில்லை. அவரைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை, இருக்கவும் கூடாதென்றே நினைக்கிறேன். கட்டாயத்தின் பேரில் தீர்த்தால் அது அபராதம். தானாகத் தீர்த்தால்தான் கடன்.

பழைய சாஸ்திரத்தில் இன்னொரு விதி இருக்கிறது. தகப்பன் கடனை மகன் வட்டியோடு கொடுக்க வேண்டும். தாத்தா கடனைப் பேரன் வட்டியில்லாமல் அசலை மட்டும் கொடுத்தால் போதும். எழுதி வைத்தவர் மனித சுபாவம் அறிந்தவர். பேரனுக்குத் தாங்காத பாரத்தை அவர் ஏற்றவில்லை. தாத்தா செய்ததற்காகத் தூக்கமிழந்து, தன்னைத் தானே சபித்துக்கொண்டு, வாழ்நாளெல்லாம் தலைகுனிந்து நடக்க வேண்டியதில்லை, அதெல்லாம் வட்டி. அசல் மிகச் சின்னது. நடந்ததை நடந்ததாகச் சொல்வது. பெயரில்லாதவளுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுப்பது. அந்த வீட்டால் வந்ததில் அவளைச் சேர்ந்தவர்களுக்கும் கொஞ்சம் ஒதுக்குவது.

இதைச் செய்துவிட்டு எந்த வீட்டையும் விற்கலாம், எந்த வீட்டிலும் குடியிருக்கலாம். விலை பேச வருகிறவர் கிணற்றடியில் நின்று, "வீட்ல ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டால், "இருந்தது; கொடுத்தாகிவிட்டது" என்று பதில் சொல்லலாம்.